மிஸ் ஸ்டோன் கடத்தல்

மிஸ் ஸ்டோன் கடத்தல்: ஒட்டோமான் பேரரசின் மாசிடோனியாவில், அமெரிக்க மிஷனரி எலன் ஸ்டோனை மீட்புப்பணத்துக்காகக் கடத்திய நிகழ்வு (1901-02). அரசியல் நோக்கமுள்ள ஆட்கடத்தல் வகையைச் சேர்ந்தது.

1901 செப்டம்பர் 3 அன்று பான்ஸ்கோ அருகே மலைப்பாதையில் ஸ்டோனும் உடன் வந்த கர்ப்பிணியான கத்தெரீனா சில்காவும் பிடிபட்டனர். கடத்தியவர்கள், மாசிடோனியப் புரட்சியாளர்கள் யானே சந்தான்ஸ்கி, கிறிஸ்தோ செர்னோபீவ் ஆகியோர் தலைமையிலான குழுவினர். ஆயுதம் வாங்கப் பணம் திரட்டுவதே அவர்கள் நோக்கம்.

கேட்டது 25,000 துருக்கிய லீரா. அமெரிக்க மக்களின் நன்கொடையிலிருந்து சுமார் 14,000 லீரா பொன்னாகத் தரப்பட்டது. பணம் கொண்டுசென்றவர்கள், பொன்னை எடுத்துவிட்ட பைகளில் ஈயம் நிரப்பி, பின்தொடர்ந்த ஒட்டோமான் படையினரை ஏமாற்றினர்.

குளிர்காலத்தில், சிறைப்பட்ட நிலையிலேயே சில்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எலேனா எனப் பெயரிடப்பட்டது.

1902 பிப்ரவரியில் ஸ்திரூமிகா அருகே மூவரும் உயிருடன் விடுவிக்கப்பட்டனர்.