முன்பல், வேர், காட்டிலுப்பை: பல்லைக் காத்தலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் கள ஆய்வுக்காக மறையூரில் தங்கியிருந்தபோது, நனைந்த கற்படியில் வழுக்கி விழுந்து மேல்வரிசை முன்பல் ஒன்றைப் பாதியாக உடைத்துக்கொண்டேன். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் இடுக்கியின் மறையூர், குமுளிப் பகுதிகளிலும் தமிழும் மலையாளமும் ஒரே நாவில் எவ்வாறு பழகுகின்றன என்பதே என் ஆய்வுப் பொருள். பிறர் பேச்சைப் பதிவு செய்யச் சென்றவன், சில மாதங்கள் என் பேச்சையே கவனிக்க வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் படித்ததையும் பட்டதையும் இங்கே தொகுக்கிறேன்.

முதலில் ஒலியியல். தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் எட்டு இடங்களுள் பல்லையும் ஒன்றாக எண்ணுகிறது. நன்னூலும் இதழ், நா, அண்ணம் ஆகியவற்றோடு பல்லை வைக்கிறது. தகர நகரங்களுக்கு நா மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். வகரத்திற்கு மேற்பல்லும் உதடும் கூட வேண்டும். றகர னகரங்களுக்கு நாநுனி அதற்குச் சற்று மேலே அண்ணத்தைத் தொட வேண்டும். வகுப்பில் பலமுறை படித்த செய்திதான். பல் உடைந்தபின் அது வேறு பொருள் கொண்டது.

பழைய ‘ன்ற’ என்னும் மெய்ம்மயக்கம் தமிழ்ப் பேச்சில் பின்னோக்கி நகர்ந்து ‘ண்ண’ ஆயிற்று. ஒன்று ‘ஒண்ணு’ ஆகிறது, மூன்று ‘மூணு’ ஆகிறது. மலையாளத்தில் அதுவே முன்னோக்கி நகர்ந்து பல்லைத் தொடுகிறது: ஒந்நு, மூந்நு, குன்று அங்கே குந்நு. ‘ற்ற’ என்பதில் நிலைமை நேர்மாறு. தமிழ்ப் பேச்சு அதைப் பல்லுக்குக் கொண்டுவந்து காற்றைக் ‘காத்து’ ஆக்கிவிட்டது. மலையாளமோ பழைய இடத்திலேயே நிற்கிறது. இரு மொழிகளும் பிரிந்த கோட்டின் ஒரு பகுதி மேல்வரிசை முன்பற்களின் பின்புறத்தில் ஓடுகிறது என்று சொன்னால் மிகையாகாது. உடைந்த விளிம்பைத் தவிர்க்க என் நா தானாகவே மேலேறிக்கொண்டது. குமுளிக் கடைகளில் மலையாளத்தில் எண்ணும்போது தடுமாறினேன். வீட்டில் ‘காத்து’ என்னும்போது தடுமாறினேன். ஸகரம் சீழ்க்கையாயிற்று.

மறையூரில் நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி, தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். என் வாயைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “உடைஞ்ச பல்ல வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற தம்பி? புடுங்கிருப்பா. ஒரு நாளோட போச்சு.” மருத்துவரோ வேறு விதமாகச் சொன்னார். பற்கூழ் வெளியே தெரிகிறது. வேர்ச் சிகிச்சை செய்து உறை போட்டால் பல் நிற்கும். ஆனால் நான்கைந்து முறை வர வேண்டும், செலவும் ஆகும். ஆய்வு உதவித்தொகையில் வாழும் எனக்குப் பாட்டியின் சொல்லே சிக்கனமாகத் தோன்றியது. அவருடைய பேச்சை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை. ‘பிடுங்கிவிடு’ என்னும் அறிவுரைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது பின்னரே தெரிந்தது.

பல்லைத் துளையிட்டுச் சீர்செய்யும் முயற்சி மிகப் பழையது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கர் புதைகுழிகளில், சிக்கிமுக்கிக் கல் முனையால் துளையிடப்பட்ட பதினொரு கடைவாய்ப்பற்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 7,500 முதல் 9,000 ஆண்டுகள் பழைமையானவை. ஆயினும் பல்லின் உள்ளே, வேர் வரை செல்லும் மருத்துவம் அண்மைக் காலத்தது. 1728-இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் தம் நூலில் பற்கூழை அகற்றுவதையும், வேரில் முளை அடித்து மேலே செயற்கைப் பல் பொருத்துவதையும் விளக்கினார். 1838-இல் அமெரிக்காவின் எட்வர்ட் மேனார்ட் கடிகாரத்தின் சுருள்வில்லைத் தேய்த்து, வேர்க்குழாயினுள் நுழையும் மெல்லிய ஊசியைச் செய்தார். துப்பாக்கி வடிவமைப்பாளராகவும் பெயர் பெற்றவர் அவர். 1864-இல் சான்ஃபோர்ட் பார்னம் எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்தார். ஊசியும் விரிப்பும் இன்றும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

குடைந்து துப்புரவு செய்த குழாயை எதனால் அடைப்பது? இந்தக் கேள்விக்கான விடை தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து வந்தது. கட்டாபெர்ச்சா என்பது மலாய்ச் சொல். ‘கெத்தா’ என்றால் மரப்பால். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி முதலியோர் வழியாக 1843-இல் இப்பொருள் ஐரோப்பாவில் அறிமுகமானது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், நீரால் கெடாது. 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் போடப்பட்ட தந்திக் கம்பிக்கு இதுவே உறை. 1867-இல் பௌமன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் இதைக் கொண்டே வேர்க்குழாயை அடைத்தார். ரப்பரும் இதுவும் வேதியியலில் ஒரே வாய்பாடு கொண்டவை. மூலக்கூறு மடியும் விதம் மட்டுமே வேறு. அதனால் ஒன்று நீள்கிறது, மற்றொன்று இறுகுகிறது.

கம்பிகள் பெருகப் பெருக அந்த மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. பால் எடுக்க அன்று அறிந்த வழி அதுவே. மாற்று மரம் தேடியவர்களின் பார்வை நம் மலைகளுக்கும் வந்தது. சென்னை மாகாண வனத்துறையை உருவாக்கிய ஹியூ கிளெக்ஹார்ன், மேற்குக் கரையின் ‘இந்தியக் கட்டா மரம்’ பற்றி 1858-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அம்மரத்தின் இன்றைய தாவரவியல் பெயர் பாலாகுவியம் எலிப்டிகம். தமிழில் காட்டிலுப்பை என்பர், மலையாளத்தில் பாலி. இதன் பால் உண்மையான கட்டாபெர்ச்சாவுக்கு ஈடாகவில்லை. அதனால்தானோ என்னவோ, மரம் தப்பியது. பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கிலும் நெல்லியாம்பதியிலும், இடுக்கியின் பெரியாறு காடுகளிலும் அது இன்றும் உயர்ந்து நிற்கிறது. சிங்கவால் குரங்குகள் அதன் கனியை உண்கின்றன. தென்மேற்கு மலைகளின் பசுமைமாறாக் காட்டு வகை ஒன்றையே தாவரவியலாளர் இம்மரத்தின் பெயரையும் சேர்த்துத்தான் அழைக்கின்றனர். என் வேர்க்குழாயினுள் இருக்கும் இளஞ்சிவப்புக் குச்சியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு; அதைப் பிணைத்து நிற்பது இந்த மரத்தின் உறவினர் தந்த பால்.

இனி ‘பிடுங்கிவிடு’ என்பதன் வரலாறு. 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், சீழ் பிடித்த வேர்களின் மேல் தங்க உறை மாட்டும் பல் மருத்துவத்தைக் கடுமையாகச் சாடினார். பல்லில் தங்கிய கிருமியே மூட்டு நோய், இதய நோய் முதலிய பலவற்றுக்கும் மூலம் என்னும் கொள்கை பரவிற்று. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகள் மேலைநாடுகளில் உயிரிழந்த பற்களும், ஐயத்துக்குரிய பற்களும், சில வேளை நல்ல பற்களும் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. அக்கொள்கையின் அந்த மிகையான வடிவத்தைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. 1896 முதல் பல் மருத்துவத்தில் புகுந்த எக்ஸ்-கதிர்ப் படமும், கிருமிநீக்க முறைகளும், 1940-களில் வந்த லிடோகெயின் மரப்பூசியும் வேர்ச் சிகிச்சைக்கு மீண்டும் நம்பிக்கை தந்தன. ஆக, பாட்டி சொன்ன அறிவுரையை ஒரு காலத்தில் பெரும் மருத்துவமனைகளே சொல்லிக்கொண்டிருந்தன.

பாட்டிக்கு வேறு காரணமும் இருந்தது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆர். அகமது கல்கத்தாவில் தொடங்கியது 1920-இல். சென்னையில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு அமைந்தது 1953-இல், திருவனந்தபுரத்தில் 1959-இல். பாலக்காட்டின் பெரும்பகுதி 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. இடுக்கி தனி மாவட்டமானதே 1972-இல்தான். “பல்லுக்குன்னா போடிக்கு இறங்கணும். ஒரு நாள் சம்பளம் போயிரும். நாலு நாள் யாரு விடுவா?” என்றார் அவர். பிடுங்க ஒரு நாள், காக்க நான்கு நாள். கூலி கணக்குத்தான் பற்களின் விதியைத் தீர்மானித்திருக்கிறது. அவருக்கு நாற்பது வயதுக்குள் கடைவாய்ப்பல் ஒன்றுகூட இல்லை.

சொற்களிலும் இதைக் காணலாம். தமிழில் பூவைப் பறிக்கிறோம், பல்லைப் பிடுங்குகிறோம். மலையாளத்தில் இரண்டுக்கும் ‘பறிக்குக’ என்பதே வினை. பல்லை அடைத்தல் இரு மொழிக்கும் பொது. இவையெல்லாம் பழைய வினைகள். பல்லைக் காக்கும் புதிய வினைகளுக்கு மட்டும் எல்லையின் இரு புறத்திலும் ‘ரூட் கெனால்’, ‘கேப்’ என்று ஒரே கடன்சொற்கள்.

அந்தக் ‘கேப்’ எனும் உறையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1889-இல் டெட்ராய்ட்டின் சார்லஸ் லேண்ட் பீங்கான் உறைக்குக் காப்புரிமை பெற்றார். 1907-இல் வில்லியம் டாகர்ட் மெழுகில் வடிவம் செய்து, அதை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் தங்கம் வார்க்கும் முறையைப் பல் மருத்துவத்தில் பரப்பினார். சுவாமிமலைச் சிற்பியர் செப்புத் திருமேனிக்குக் கையாளும் மெழுகு வார்ப்புதான் இதுவும். 1962-இல் உலோகத்தின் மேல் பீங்கானை விரிசலின்றி இணைக்கும் முறைக்கு வைன்ஸ்டீன் முதலியோர் காப்புரிமை பெற்றனர். இன்று சிர்கோனியாவும் வந்துவிட்டது.

நான் காக்கும் வழியைத் தேர்ந்தேன். நான்கு முறை மலையிறங்கினேன். இப்போது அந்தப் பல்லுக்குச் சூடும் குளிர்ச்சியும் தெரியாது. ஆனால் அழுத்தம் தெரியும். வேரைச் சூழ்ந்த இழைகள் உயிரோடிருக்கின்றன. மறையூர்க் கரும்பை முன்பல்லால் கடிப்பதை விட்டுவிட்டேன்; முறுக்கைக் கையால் ஒடித்துக் கடைவாயில் மெல்கிறேன். உறையும் ஈறும் கூடும் விளிம்பில் தினமும் இழை கொண்டு துப்புரவு செய்ய வேண்டும். உறைக்குள்ளும் பல் சொத்தையாகக் கூடும். அவ்வப்போது எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து வேர்நுனியைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் உறை கழன்று விழலாம் என்பதையும் அறிந்தே வாழ்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. விழுந்து நிலையான பல் முழுதாகவே கழன்றுவிட்டால் அதன் வேரைத் தொடாதீர்கள். மேற்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் மெல்லக் கழுவி, பல் இருந்த இடத்திலேயே பொருத்துங்கள். முடியாவிட்டால் பாலில் இட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் செல்லுங்கள். பால்பல்லாயின் திரும்பப் பொருத்தக் கூடாது.

சென்ற மாதம் மறையூர் சென்றபோது பாட்டி என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எது உறை என்று அவருக்குத் தெரியவில்லை. “எத்தன நாள் போன?” என்றார். நான்கு என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “எங்களுக்கும் நாலு நாள் குடுத்திருந்தா…” என்று நிறுத்தினார். அந்த வாக்கியத்தை நான் பதிவு செய்யவில்லை. ‘குடுத்திருந்தா’ என்பதில் தகரங்கள் பல்லில்லா ஈற்றில் பட்டு எழுந்த ஒலி மட்டும் நினைவில் இருக்கிறது.

உங்கள் ஊரில் வேர்ச் சிகிச்சைக்கும் உறைக்கும் வழங்கும் சொற்களைப் பின்னூட்டத்தில் தெரிவித்தால் நன்றியுடையேன்.