பலகையும் பானையும்: நம் தெருக்களின் உணவு வரலாறு



பசியைப் பற்றி நம் முன்னோர் நிறையப் பேசியிருக்கிறார்கள். இந்த நினைவு நாளில் பசியோடு விளம்பரத்தையும் சேர்த்துப் பேச விரும்புகிறோம். நகரத்துச் சேரிகளில் எந்த உணவு கைக்கு எட்டுகிறது, எந்த உணவு கண்ணில் மட்டும் படுகிறது என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

தாது வருடப் பஞ்சத்திலிருந்து தொடங்குவோம். 1877-78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கச் சென்னைக்குள் சுமார் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பஞ்ச நிவாரணக் கூலிகள். பெயர் மட்டும் ஆளுநர் பக்கிங்காமுக்குப் போனது. அந்த நாட்களில் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பசித்தவர் என்ன தின்னலாம் என்பதைப் பசிக்காதவர் எடைபோட்டுச் சொன்ன காலம் அது.

அடுத்து தேநீர். நிலமற்ற நம் மக்களில் பலர் பஞ்சத்துக்குத் தப்பி இலங்கைக்கும் மலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். அங்கே கிள்ளிய கொழுந்து கப்பலேறி வெளிநாட்டுக்குப் போனது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வெளிச்சந்தை சுருங்கியதும், முதலாளிகளின் பார்வை உள்ளூர் ஏழையின் மேல் விழுந்தது. தேயிலை வரிப் பணத்தில் பிரச்சாரம் நடந்தது. ஆலைகளிலும் சந்தைகளிலும் இலவசமாகத் தேநீர் காய்ச்சிக் கொடுத்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள். களைப்பைப் போக்கும் பானம் என்றார்கள். களைப்பு எதனால் வந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. காலைக் கஞ்சி இருந்த இடத்தில் டீயும் பன்னும் வந்து உட்கார்ந்ததற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

மூன்றாவதாக, ஓட்டல் பலகை. நகரத்தில் சமைத்த உணவை விற்ற இடங்கள் சாதியைப் பலகையிலேயே எழுதி வைத்தன. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கக் கோரிப் பெரியார் நடத்திய கிளர்ச்சியை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தப் பலகையும் ஒரு விளம்பரம்தான். உள்ளே இருப்பது யார் சமைத்தது என்று சிலருக்குச் சொன்னது. உனக்கு இங்கே இடமில்லை என்று நமக்குச் சொன்னது.

இன்று பலகையின் குரல் மாறிவிட்டது. இப்போது அது நம்மை வா, வா என்கிறது. 2000 முதல் நகரின் நீர்நிலைக் கரைகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோகப்பட்டன. பஞ்சத்தில் பசித்தவர்கள் வெட்டிய கால்வாயின் கரையில் குடிசை போட்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு. வீட்டோடு அவர்கள் இழந்தவற்றில் உணவும் அடக்கம்: நடந்துபோகும் தூரத்திலிருந்த மார்க்கெட், பொழுது சாயும் நேரத்தில் கூறு கட்டி மலிவாக விற்கும் காய்கறி, முகம் தெரிந்து கடன் கொடுக்கும் கடைக்காரர். விடியுமுன் பஸ் பிடித்துப் பழைய பகுதிக்கே வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சமைக்க நேரம் எங்கே? குழந்தை கையில் ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டியிருக்கிறது.

அந்த ஐந்து ரூபாய்க்காகவே பெட்டிக்கடையில் பாக்கெட்டுகள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. கடையின் பெயர்ப் பலகையிலேயே குளிர்பானப் புட்டி பெரிதாகவும் கடைக்காரர் பெயர் சிறிதாகவும் இருக்கிறது. நாள்கூலிக்காரரின் சில்லறைக்கு ஏற்ற சிறு பொட்டலத்தைக் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் போன்றோர் ஷாம்புவில் பிரபலமாக்கினார்கள். பெரிய கம்பெனிகள் அதையே தின்பண்டத்துக்கும் கொண்டுவந்தன. விலையை ஏற்றாமல் எடையைக் குறைப்பது அவர்கள் வழக்கம். கீரைக்கட்டுக்கு விளம்பரம் கிடையாது. கருவாட்டுக்கு நடிகர் வருவதில்லை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. உங்கள் தெருப் பள்ளியின் வாசலில் நின்று அளந்து பாருங்கள்.

நம் சொந்த உணவுக்கோ பலகையே மறுக்கப்படுகிறது. மாட்டிறைச்சி உழைக்கும் மக்களுக்குக் குறைந்த விலையில் கிடைத்த புரதம். 2022 மே மாதம் ஆம்பூரில் திட்டமிட்ட பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றபோது எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. ஊரெல்லாம் தின்பதை ஊர்ப்பலகையில் எழுத முடியாது என்றால், அந்தப் பலகை யாருடையது?

வரலாற்றில் நம் தெருவின் வயிற்றை நிரப்பியவற்றையும் சொல்ல வேண்டும். 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவு, காமராசரின் மதிய உணவு, 1982இன் சத்துணவு, 2011 முதல் ரேஷனில் விலையில்லா அரிசி, 2013இல் ஒரு ரூபாய் இட்லி, 2022இல் காலை உணவு. இவற்றிலும் தலைவர்கள் படம் ஒட்டப்பட்டது உண்மைதான். ஆனாலும் இவை சந்தை போட்ட சோறு அல்ல. இது எங்கள் உரிமை என்று மக்கள் கேட்டுக் காத்த சோறு. அரிசி வந்துவிட்டது. பருப்பும் முட்டையும் காயும் பழமும் போதுமான அளவில் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் நுழைகிறது. "எங்க சனத்துக்குச் சாப்பிடத் தெரியலை" என்று நம்மில் படித்த சிலரே சொல்வது, அந்த இடைவெளியை மறைக்கும் பேச்சு.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் நடங்கள். காய்கறி எத்தனை கடையில் கிடைக்கிறது, பாக்கெட் எத்தனை கடையில் தொங்குகிறது, ரேஷன் கடை எந்த நாளில் திறக்கிறது, மாட்டுக்கறி விற்கும் அக்காவுக்குப் பலகை வைக்க ஏன் முடியவில்லை என்று எழுதுங்கள். பாட்டியிடம் உட்கார்ந்து, முன்பு என்ன சமைத்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். 1877இல் நம் தட்டைப் பிறர் அளந்தார்கள். அந்தக் கணக்கை இனி நாமே எழுதுவோம். எழுதியதை எடுத்துக்கொண்டு மாநகராட்சி வாசலுக்குப் போவோம்.