முத்திரையற்ற கத்திகளின் எஃகு இனங்காணல்

முத்திரையற்ற கத்திகளின் எஃகு இனங்காணல் என்பது, செய்தவர் பெயரோ நிறுவன முத்திரையோ எஃகின் தரக்குறியோ பொறிக்கப்படாத பழைய மடக்காத கத்தியின் அலகு எவ்வகை எஃகினால் ஆனது என்பதை அறியும் முறையாகும். மடக்காத கத்தி என்பது அலகு பிடியில் நிலையாகப் பொருத்தப்பட்ட கத்தியைக் குறிக்கும். பிச்சுவா, சூரிக்கத்தி, கட்டாரி முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. அரிவாள் போன்ற கருவிகளுக்கும் இம்முறைகள் பொருந்தும்.

வெறுங்கண்ணால் பார்த்து எஃகின் தரத்தைத் துல்லியமாகக் கூற இயலாது. ஆனால் அலகு எந்தப் பெரும்பிரிவைச் சேர்ந்தது என்பதை எளிய சோதனைகளால் ஓரளவு அறியலாம். இச்சோதனைகளுள் சில, கத்தியில் உள்ள வரலாற்றுச் சான்றை நிலையாக அழித்துவிடக் கூடியவை. எனவே எந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்வது என்பது முதன்மையானது.

புதுக்கோட்டை மாவட்டச் சூழல்

புதுக்கோட்டை, தொண்டைமான் மரபினரின் ஆட்சியில் இருந்த சமத்தானம் ஆகும். இது 1948-இல் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. 1974-இல் தனி மாவட்டமானது. சமத்தானக் காலத்தில், 1910-இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகம் இன்று அரசு அருங்காட்சியகமாகத் திருக்கோகர்ணத்தில் இயங்குகிறது.

இப்பகுதியின் இரும்புத் தொழில் மிகப் பழமையானது. மாவட்டத்தில் இரும்புக் காலத்தைச் சேர்ந்த ஈமச்சின்னங்கள் பல உள்ளன. பொற்பனைக்கோட்டையில் இரும்பு உருக்கிய தடயங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. அங்கு 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-இல் தமிழ்நாடு தொல்லியல் துறையும் அகழாய்வு மேற்கொண்டன.

ஊர்க் கொல்லர்கள் செய்த கருவிகளில் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படுவதில்லை. எனவே இப்பகுதியில் ஒரு வீட்டில் கிடைக்கும் பழங்கத்தி, உள்ளூர் உலையில் எடுத்த இரும்பாகவோ, கப்பலில் வந்த ஐரோப்பிய எஃகாகவோ, இருபதாம் நூற்றாண்டின் லாரி வில்பட்டையாகவோ இருக்கக்கூடும். துருவேறிய நிலையில் இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும்.

எதிர்பார்க்கக்கூடிய எஃகு வகைகள்

உலை இரும்பு: தாதுவை உருகவிடாமல் கரி உலையில் ஒடுக்கி, சம்மட்டியால் அடித்துத் திரட்டப்படும் இரும்பு. இதில் கரிமம் பொதுவாகக் குறைவு. கசடு இழைகள் நீளவாக்கில் படிந்திருக்கும்.

மூசை எஃகு: இரும்பையும் கரிமப் பொருளையும் மண் மூசையில் இட்டு மூடி உருக்கிப் பெறப்படுவது. கரிமம் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். ஐரோப்பியர் இதனை 'ஊட்சு' என அழைத்தனர். இச்சொல் 'உருக்கு', 'உக்கு' ஆகிய தென்னிந்தியச் சொற்களுடன் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணல், பழைய தென்னாற்காடு மாவட்டப் பகுதியைச் சேர்ந்த மேல்சிறுவள்ளூர் ஆகிய இடங்களில் இத்தொழிலுக்கான சான்றுகள் அறியப்பட்டுள்ளன.

ஆலைக் கரிம எஃகு: 1856-இல் பெசமர் முறை அறிமுகமான பின் பெருமளவில் பரவியது. இந்தியாவில் சாம்செட்பூரில் 1912-இல் எஃகு உற்பத்தி தொடங்கியது. இவ்வகை எஃகில் பொதுவாக மாங்கனீசு சேர்ந்திருக்கும்.

வில்பட்டை எஃகு: வண்டிகளின் வில்பட்டைகளிலிருந்து வெட்டி எடுத்து அடிக்கப்படுவது. 'ஈஎன் 45' என்னும் தரத்தில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு கரிமமும், 1.5 முதல் 2 விழுக்காடு சிலிக்கானும் உண்டு. அரிவாள் செய்யும் பட்டறைகளில் வில்பட்டை பெரிதும் விரும்பப்படுகிறது.

துருப்பிடிக்கா எஃகு: குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கொண்டது. செஃபீல்டு நகரில் ஆரி பிரியர்லி 1913-இல் உருவாக்கிய எஃகுக்குப் பின்னரே இது கத்திகளில் புழக்கத்திற்கு வந்தது. ஆகவே துருப்பிடிக்கா எஃகு அலகுள்ள கத்தியை அதற்கு முற்பட்டதாகக் கொள்ள இயலாது.

சேதமில்லாச் சோதனைகள்

முதலில் அலகின் வடிவம், முதுகின் தடிப்பு, பிடிக்குள் செல்லும் வால் பகுதி, சம்மட்டித் தடங்கள் ஆகியவற்றைப் படம் எடுத்து, எடையுடனும் அளவுகளுடனும் பதிவு செய்தல் வேண்டும். வாய்ப்பகுதிக்கு இணையாக மெல்லிய கோடு தென்பட்டால், மென்மையான இரும்பில் கடின எஃகு வாய் பற்றவைக்கப்பட்டிருக்கலாம்.

காந்தச் சோதனை பரவலாகச் செய்யப்பட்டாலும் அதன் பயன் குறைவு. சமையற் பாத்திரங்களுக்குப் பயன்படும் துருப்பிடிக்கா எஃகின் ஒரு வகையைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆனால் தோய்ச்சல் ஏற்றிக் கடினமாக்கக்கூடிய துருப்பிடிக்கா எஃகைக் காந்தம் ஈர்க்கும். எனவே காந்தத்தில் ஒட்டுவதனால் மட்டும் ஒரு கத்தியைக் கரிம எஃகு எனக் கூற முடியாது.

கையடக்க எக்சு-கதிர் ஒளிர்வுக் கருவி குரோமியம், மாங்கனீசு, நிக்கல், தங்குதன் முதலிய தனிமங்களின் அளவைச் சில நிமிடங்களில் காட்டும். ஆனால் கரிமத்தை இக்கருவி அளப்பதில்லை. கரிம அணுக்கள் வெளியிடும் கதிர் மிகக் குறைந்த ஆற்றல் கொண்டதாகையால் கருவியை அடையுமுன்னரே உட்கவரப்படுகிறது. இரும்பை எஃகாக்குவது கரிமமே ஆதலால் இக்குறைபாடு முக்கியமானது. கருவி மேற்பரப்பை மட்டுமே காண்பதால் துருவும் முலாமும் முடிவைத் திரிக்கக்கூடும்.

சேதம் விளைவிக்கும் சோதனைகள்

அரச் சோதனை: அரம் வழுக்கினால் அலகு கடினமானது, கடித்தால் மென்மையானது. இது கடினத்தன்மையை மட்டுமே காட்டும், எஃகின் வகையை அன்று. தீயில் சிக்கித் தோய்ச்சல் இழந்த நல்ல எஃகும் மென்மையாகவே இருக்கும்.

தீப்பொறிச் சோதனை: சாணைச் சக்கரத்தில் தொடும்போது எழும் பொறிகளைக் கொண்டு வகையறிவது. கரிமம் குறைந்த இரும்பில் நீண்ட கோடுகளும் மிகச் சில வெடிப்புகளும் தோன்றும். கரிமம் மிகுந்த எஃகில் பொறிகள் பூப்போலப் பலவாகக் கிளைக்கும். தங்குதன் மிகுந்த அதிவேக எஃகில் வெடிப்பற்ற மங்கிய செந்நிறக் கோடுகள் காணப்படும். இச்சோதனையை வால் பகுதியில் மட்டுமே செய்தல் தகும். அளவு தெரிந்த எஃகுத் துண்டுகளின் பொறிகளுடன் ஒப்பிடாவிட்டால் முடிவு நம்பத்தக்கதன்று.

அமில அரிப்பு: மெருகேற்றிய சிறு பகுதியில் நீர்த்த நைட்ரிக் அமிலக் கரைசலைத் தடவினால் உள்ளமைப்பு வெளிப்படும். மூசை எஃகில் நீரலை போன்ற வரிகள் தோன்றலாம். உலை இரும்பில் நார்போன்ற இழைகள் தெரியும். வரியுள்ள அனைத்தும் மூசை எஃகு ஆகா. பல தகடுகளை அடுக்கிப் பற்றவைத்த அலகும் வரிகளைக் காட்டும்.

நுண்ணோக்கி ஆய்வும் நிறமாலை ஆய்வும்: ஒளி உமிழ்வு நிறமாலைமானி கரிமத்தையும் அளக்கும், ஆனால் அலகில் சிறிய எரிதழும்பை விட்டுச்செல்லும். நுண்ணோக்கியின் கீழ் நீண்ட கசடு இழைகள் மிகுதியாகத் தெரிந்து, மாங்கனீசும் மிகக் குறைவாக இருந்தால், அது பழைய முறையில் எடுத்த இரும்பு என்பதற்கு வலுவான சான்றாகும்.

முடிவின் எல்லைகள்

அலகின் எஃகு கத்தி செய்யப்பட்ட இடத்தை உறுதிசெய்வதில்லை. தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாள் அலகுகள் வெட்டிப் பொருத்தப்பட்டுள்ளன. பிடி உள்ளூர் வேலைப்பாடாக இருக்க, அலகு கடல்கடந்து வந்ததாக இருப்பது அரிதன்று. அதேபோல் எஃகின் வகை தெரிவதனால் கத்தியின் தரம் தெரிந்துவிடாது. ஒரே வில்பட்டையிலிருந்து அடித்த இரு கத்திகள், தோய்ச்சல் வேறுபாட்டால் மாறுபட்ட கடினத்தன்மை கொண்டிருக்கும்.

பாதுகாப்பு

பழங்கத்திக்கு மறுதோய்ச்சல் ஏற்றுவதற்காக அதனை உலையிலிட்டுக் காய்ச்சுவது, செய்தவர் விட்டுச்சென்ற நுண்ணமைப்பை முழுமையாக அழித்துவிடும். மிகுந்த வெப்பத்தில் மூசை எஃகின் வரிகளும் மறையும். சாணை பிடித்தலும் துருவை முற்றாகத் தேய்த்து நீக்குதலும் அலகின் மூல வடிவத்தைக் கெடுக்கும். தளர்ந்த துருவை மட்டும் எண்ணெய் தொட்டு மென்மையாக நீக்கி, உலர்வான இடத்தில் வைப்பதே போதுமானது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய இத்தகைய பொருட்கள் தொல்பொருட்களாகக் கருதப்படுகின்றன. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. மண்ணில் புதைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருட்களைப் பற்றி, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். அத்தகைய கத்தியைத் தூய்மைப்படுத்தாமல், கிடைத்த இடத்தின் விவரத்துடன் ஒப்படைப்பது ஆய்வுக்கு உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

புதுக்கோட்டை மாவட்டம்
பொற்பனைக்கோட்டை
கொடுமணல்
எஃகு