சிறு விமானமும் அதன் இருக்கையும்

கடைத்தெருவில் பொம்மைக் கடையைக் கடந்து போகும்போது, மேல் தட்டில் அடுக்கிய அட்டைப் பெட்டிகளைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். பெட்டியின் மேல் ஒரு போர் விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறக்கும். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களும் துண்டுகளும் ஒரு விளக்கத் தாளும் இருக்கும். பிள்ளை அதைக் கேட்டால், இது என்ன வீண் செலவு என்று நாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். அந்தப் பெட்டிக்குள் இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள், உழவு இயந்திரமும் வருகிறது, உயிரைப் பணயம் வைத்த ஒரு பட்டறைத் தொழிலாளியும் வருகிறார். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வரலாறுதான்.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் அறிவித்தது. மூன்றே நாளில், செப்டம்பர் 6ஆம் நாள் காலையில், பிரிட்டிஷ் ஸ்பிட்பயர் விமானங்கள் இரண்டு ஹரிக்கேன் விமானங்களைச் சுட்டு வீழ்த்தின. ஹரிக்கேன் எந்த நாட்டு விமானம்? அதுவும் பிரிட்டனுடையதுதான். ஒரு விமானி தப்பினார், மற்றவர் இறந்தார். தரையிலிருந்து வந்த தவறான தகவல்கள் ஒரு காரணம். தூரத்தில் தெரிந்த உருவத்தை யாருடையதென்று வானத்திலிருந்தவர்களால் பிரித்தறிய முடியாமல் போனது மற்றொரு காரணம். பகைவனைக் கண்டுகொள்வதைவிட முதலில் தம்மவனைக் கண்டுகொள்ள வேண்டும் என்பது போரின் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. படத்துக்கு ஒரு முகம்தான். விமானமோ மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் வால்புறமாகவும் தோன்றும். ஆகவே கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கத்தக்க சிறு உருவம் தேவைப்பட்டது. அளவு 72இல் ஒரு பங்கு. அதாவது உண்மை விமானத்தின் 6 அடி, உருவத்தில் 1 அங்குலம். இந்தக் கணக்கில் ஒரு வசதியும் உண்டு. அப்படிச் செய்த உருவத்தைச் சுமார் 35 அடி தூரத்தில் பிடித்துக் காட்டினால், உண்மை விமானம் ஏறத்தாழ அரை மைல் தூரத்தில் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும். வீட்டில் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் 35ஐ 72ஆல் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மைலுக்கு 5,280 அடி.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு இத்தகைய உருவங்கள் 5 இலட்சம் வேண்டியிருந்தன. 50 வகை விமானங்கள், வகைக்குப் பத்தாயிரம். தொழிற்சாலைகள் எல்லாம் உண்மை விமானம் செய்வதில் மூழ்கியிருந்த நேரம். கடற்படை யாரிடம் போய்க் கேட்டது தெரியுமா? நாட்டுப் பள்ளிக்கூடங்களை! மரவேலை வகுப்புகளுக்கு வரைபடங்கள் அனுப்பப்பட்டன. பிள்ளைகள் மென்மரத்தைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, அட்டையில் வெட்டிய அளவுச் சட்டத்தை வைத்து வளைவு சரியா என்று பார்த்து, கறுப்புச் சாயம் பூசிக் கொடுத்தார்கள். ஏன் கறுப்பு என்றால், வானத்தில் முதலில் தெரிவது நிறமன்று, நிழலுருவமே. மாணவன் செய்ததுதானே என்று விட்டுவிடாமல் அளவு பார்த்தே ஏற்றுக்கொண்டார்கள். தேறியவர்களுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை செதுக்கிய இறக்கை ஒரு பீரங்கிக்காரனின் கண்ணுக்குப் பாடப்புத்தகம் ஆனது. பள்ளிக் கைவேலைப் பாடத்தை நேரம் கழிக்கும் பாடமாக நினைப்பவர்களுக்கு இதை நாம் விரும்பியே சொல்கிறோம்.

பிளாஸ்டிக் இதற்குச் சற்று முன்பே வந்துவிட்டது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு விளையாட்டுப் பொருள் கம்பெனி, துண்டு துண்டாக வார்த்து ஒட்டிக்கொள்ளும் விமானங்களை விற்கத் தொடங்கிற்று. அந்தக் கம்பெனி அதற்கு முன் விற்றவை உண்மையாகவே பறக்கும் விளையாட்டு விமானங்கள். அவற்றுக்கு ‘பிராக்’ என்று பெயர். தரையிலிருந்து நேரே எழும்பிப் பறப்பது என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. புதிதாக வந்தவையோ பறக்க மாட்டா. ஆகவே பறக்காத பறவையின் பெயரையே, ‘பெங்குவின்’ என்று, அவற்றுக்கு வைத்தார்கள். பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை இருந்திருக்கிறது. ஆனால் அன்றைய பிளாஸ்டிக் நாளாக நாளாக நெளிந்து கோணிவிடும். போருக்குப் பின்னர் பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடித்தது.

அடுத்து வருவது ஏர்பிக்ஸ் என்னும் கம்பெனி. ஹங்கேரியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் லண்டனில் அதைத் தொடங்கினார். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், பிறகு தலைவாரும் சீப்புகள் என்று செய்துவந்தார். 1949இல் பெர்குசன் உழவு இயந்திரக் கம்பெனி தன் விற்பனையாளர்கள் கையில் கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஒரு சிறு உருவம் செய்யச் சொன்னது. அதைத் தொழிற்சாலையில் பொருத்துவது பெரும் வேலையாயிற்று. பொருத்தாமலே துண்டுகளாக விற்றால் என்ன என்று பின்னர் ஒரு யோசனை பிறந்தது. 1953இல் ஸ்பிட்பயர் வந்தது. அதன்பின் இந்தத் தொழில் உலகெங்கும் பரவிற்று. ஜப்பானில் ஷிசுவோக்கா வட்டாரத்து மர உருவக் கம்பெனிகள், தாமியா முதலியவை, மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறிப் பேர்வாங்கியது தனியே சொல்லத்தக்க கதை.

இனி ஜெட் போர் விமானத்துக்கு வருவோம். பெட்டியிலுள்ள விமானத்தை ஒட்டி முடித்தால் வெளித்தோற்றம் அழகாகவே இருக்கும். கண்ணாடி மூடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால்தான் குறை தெரியும். விமானி அமரும் இடம் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் வெறும் பள்ளம். அதில் ஒரு மொட்டை நாற்காலி. இதற்குக் காரணம் சோம்பல் அன்று, அச்சின் இயல்பே. இட்லித் தட்டை நினைத்துப் பாருங்கள். குழியின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருப்பதால் இட்லி முழுசாக எழும்புகிறது. வாய் குறுகி உட்புறம் அகன்றிருந்தால் இட்லி பிய்ந்துதான் வரும். பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சும் அப்படித்தான். இரண்டு பாதிகள் எதிரெதிராக விலக வேண்டும். உள்மடிப்பு, தொங்கும் வார், மெத்தையின் சுருக்கம் இவையெல்லாம் அதில் எளிதில் வாரா. மேலும் எஃகு அச்சு செய்யப் பெரும் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும்.

எஃகுக்குப் பதிலாக அச்சே வளைந்துகொடுத்தால்? இங்கேதான் ரெசின் என்னும் வார்ப்புப் பிசின் வருகிறது. முதலில் ஒரு கைவினைஞர் அந்தச் சிறு நாற்காலியை மயிரிழை நுணுக்கத்தோடு ஒருமுறை செய்துவிடுகிறார். அதைச் சுற்றிலும் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி இறுகவிட்டால் ரப்பர் அச்சு கிடைக்கும். ரப்பர் என்றதும் நம் மரத்துப் பால் நினைவுக்கு வரும். இது அதுவன்று, இரசாயனத்தில் செய்தது. ஆனால் குணம் ஒன்றே: இழுத்தால் நீளும், விட்டால் பழைய வடிவம் கொள்ளும். அச்சுக்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுகிறார்கள். தட்டில் இருக்கும் ரப்பர் பாலில் காடி கலந்ததும் உறைவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கோ சில நிமிடங்களிலேயே கல்போல் இறுகிவிடும். காற்றுக் குமிழி தங்கினால் வார்ப்பு ஓட்டையாகிவிடும் என்பதால் காற்றை உறிஞ்சியோ அழுத்தியோ குமிழியைப் போக்குவார்கள். பின்பு அச்சை வளைத்து வார்ப்பை உருவிவிடலாம், எத்தனை உள்மடிப்பு இருந்தாலும். ஒரே குறை, சில பத்து வார்ப்புக்குள் அச்சு கிழிந்துவிடும். வேறு அச்சு ஊற்ற வேண்டும்.

பெரிய முதல் வேண்டியதில்லை என்பதால் இது சிறு பட்டறைத் தொழிலாக வளர்ந்தது. 1980களில் பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன் இதில் பேர்பெற்றார். 1989இல் ஆட்சி மாறிய பிறகு செக் நாட்டில் இத்தகைய பட்டறைகள் பல எழுந்தன. மோஸ்ட் நகரில் அவ்வாண்டு தொடங்கிய எடுவார்ட் கம்பெனி இன்று உலகறிந்தது. அண்மை ஆண்டுகளில் கணினியால் அடுக்கடுக்காக வார்க்கும் முப்பரிமாண அச்சுமுறை ரெசின் வார்ப்பின் இடத்தை மெல்லப் பிடித்துவருகிறது.

இப்படித் தனியே வாங்கும் துண்டுகளில் எல்லாரும் முதலில் தேடுவது விமானியின் இருக்கையைத்தான். ஒரு நாற்காலிக்கு இத்தனை மதிப்பா என்றால், அது வெறும் நாற்காலி அன்று.

பிரிட்டனின் முதல் ஜெட் போர் விமானம் மீட்டியர். 1944 ஜூலையில் படையில் சேர்ந்தது. ஜெட்டின் வேகத்தில் விமானம் பழுதானால், பழைய முறைப்படி மூடியைத் தள்ளிவிட்டு விளிம்பேறிக் குதிப்பது நடவாத காரியம். காற்று ஆளை அமுக்கும், வால் அடித்துவிடும். ஜேம்ஸ் மார்ட்டின் என்னும் பொறியாளர் இதற்கு வழி தேடினார். அவருடைய கூட்டாளி வாலண்டைன் பேக்கர் 1942 செப்டம்பர் 12ஆம் நாள் தங்கள் கம்பெனி விமானத்தைச் சோதித்துப் பறந்தபோது விபத்தில் இறந்திருந்தார். அந்தத் துயரம் மார்ட்டினை விமானிகளின் உயிர்காப்பு வேலையில் ஆழ்த்தியது. வெடிமருந்துக் குழலால் இருக்கையை ஆளோடு மேலே வீசியெறிவது அவர் கண்ட முறை.

யாரை உட்காரவைத்து வெடிப்பது? கம்பெனியின் பட்டறையில் பிட்டராக வேலை பார்த்த பெர்னார்ட் லிஞ்ச் முன்வந்தார். 1946 ஜூலை 24ஆம் நாள், மீட்டியர் விமானம் 8,000 அடி உயரத்தில் மணிக்கு 320 மைல் வேகத்தில் செல்லும்போது, அவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியை இழுத்தார். இருக்கை சீறிப் பாய்ந்தது. பாராசூட் விரிந்தது. காயமின்றித் தரையிறங்கினார். 1949 மே 30ஆம் நாள், பழுதான ஒரு சோதனை விமானத்திலிருந்து ஜோ லங்காஸ்டர் என்னும் விமானி மார்ட்டின் பேக்கர் இருக்கையால் உயிர் தப்பினார். அன்று முதல் இன்றுவரை அந்த இருக்கைகள் காத்த உயிர்கள் 7,000க்கு மேல். அறிஞர்களின் பெயர்களைப் பாடத்தில் படிக்கிறோம். லிஞ்ச் போன்ற தொழிலாளியின் பெயரையும் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

இப்போது சிறு மீட்டியருக்குத் திரும்புவோம். மீட்டியரின் முதல் வகைகளில் இந்த இருக்கை இல்லை. இரண்டு பேர் அமரும் ஏழாம் வகைப் பயிற்சி விமானத்திலும் இல்லை. எட்டாம் வகையில்தான் வந்தது. பிரிட்டிஷ் விமானப் படை விபத்துகளில் இழந்த மீட்டியர்கள் ஏறத்தாழ 890. இறந்த விமானிகள் சுமார் 450 பேர். ஆகவே நான்காம் வகை மீட்டியரைச் செய்பவர், அழகாக இருக்கிறதே என்று ரெசின் இருக்கையை அதில் வைத்தால், இல்லாத பாதுகாப்பை இருந்ததாகக் காட்டியவர் ஆவார். எட்டாம் வகையில் மொட்டை நாற்காலியை விட்டுவைத்தாலும் பிழைதான். துண்டு வாங்குமுன் வகையைப் படித்தறிய வேண்டும் என்பது இதனால்தான்.

1948ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அவசரகாலம் நடந்ததும், தோட்ட மக்கள் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டதும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அக்காலத்தில், 1950களில், சிங்கப்பூரிலிருந்து பறந்துவந்து மலாயாக் காடுகளைப் படமெடுத்தவை 81ஆம் படைப்பிரிவின் மீட்டியர்கள். அவை பத்தாம் வகை. துப்பாக்கி கிடையாது, மூக்கில் படக்கருவி. இறக்கையும் எட்டாம் வகையைவிட நீளம்.

எட்டாம் வகை மீட்டியர், 48இல் ஒரு பங்கு அளவில், சுமார் 28 சென்டிமீட்டர் நீளம் வரும். 2016இல் ஏர்பிக்ஸ் அந்த அளவில் ஒன்றை வெளியிட்டது. அதற்கான இருக்கை கட்டைவிரலின் மேற்கணு அளவே இருக்கும். ரெசின் துண்டை முதலில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவ வேண்டும்; அச்சின் எண்ணெய்ப் பசை இருந்தால் சாயம் ஒட்டாது. அடிக்கட்டையை மெல்லிய இரம்பத்தால் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் துண்டை நனைத்துக்கொள்ளவும், வாய் மூக்கை நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசத்தால் நன்றாக மூடிக்கொள்ளவும் வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. சிறு பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாகாது. பிளாஸ்டிக் பசை இதில் பிடிக்காது. அது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுவது, ரெசின் இளகாது. சைனோ பசைதான் வேண்டும். புதிய அறை உள்ளே நுழைவதற்கு விமான உடலின் உட்சுவரைத் தாள்போல் சுரண்ட வேண்டியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துச் சுரண்ட வேண்டும், ஓட்டை விழுந்தால் போயிற்று. மீட்டியருக்கு மூன்று சக்கரம், ஒன்று மூக்கின் கீழ். ஒட்டி மூடுமுன் மூக்குக்குள் தூண்டில் ஈயம் வைக்காவிட்டால் வால் தரையில் அமர்ந்துவிடும். இருக்கையைக் கறுப்பாகப் பூசி, காய்ந்தபின் விளிம்புகளில் சாம்பல் நிறத்தைத் துடைத்தாற்போல் தடவினால் வார்களும் கொக்கிகளும் எழுந்து தெரியும். தலைக்கு மேலே ஒரு சிறு வளையம் இருக்கும். லிஞ்ச் இழுத்த கைப்பிடி இருந்த இடம் அதுவே. கடைசியில் நுனித் தூரிகையால் அதற்குச் சாயம் தொட்டுவைத்துவிட்டுக் கண்ணாடி மூடியை ஒட்டலாம்.