ஆங்கில வினையெச்சத் தொடரின் எழுவாய்

ஆங்கிலத்தில் 'டு' சேர்ந்த எச்சத்தின் எழுவாய் யாண்டு நிற்கும்? பொதுவழக்கில் 'ஃபார்' எழுவாய்க்கு முன்னும், 'டு' பின்னும் வரும். பண்டு 'இன்னார்க்கு நன்று' என முன்னைய சொல்லையே சார்ந்து நின்ற 'ஃபார்', பின்னரே எச்சத்தோடு ஒன்றி எழுவாய்க்குறி ஆயிற்று.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் வழக்கிலோ எழுவாய் முந்துறும். 'ஐ வாண்ட் ஹிம் ஃபார் டு கம்' என்றாங்கு இரண்டு இடைச்சொல்லும் அதன்பின் இணைந்தே வரும். இதனைக் கல்லார் பிழை என்று ஒதுக்குவாரும் உளர். யாம் அதற்கு உடன்படோம். 'ஃபார் டு' என்னும் இணை 14ஆம் நூற்றாண்டுச் சாசர் பாக்களில் பெருவரவிற்று; ஆங்கு அது பெரும்பாலும் எழுவாய் வெளிப்படாத இடத்தே வரும் என்பதே வேறுபாடு. பள்ளி இலக்கணம் கைவிட்ட அவ்விணையைப் பெல்ஃபாஸ்ட் மக்கள் நாவே காத்துவந்தது. அவ்வழக்கும் தனக்கென வரம்புடைய இலக்கணமே என்பதை அலிசன் ஹென்றி 1995இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார்.