பூனைக்கு மர்ஸியா பாடிய கவிஞர்



எங்கள் வீட்டுப் பூனை செத்துப்போனதைப் போன கிழமை இங்கே எழுதியிருந்தேன். பதினொரு வருஷம் எங்களோடு இருந்தது. ஆறுதல் சொன்னவர்கள் பலர். "ஒரு பூனைக்கு இவ்வளவு கவலையா சேர்?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயசாகிவிட்டது. பக்தாதில் ஒரு பெரிய கவிஞரைச் சுற்றியும் இதே பேச்சு நடந்திருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

அவர் பெயர் இப்னுல் அல்லாஃப். நஹ்ரவானைச் சேர்ந்தவர். கண் பார்வை இல்லாதவர். அப்பாஸிய கலீபா முஃததிதின் சபையில் இருந்தவர். ஹிஜ்ரி 318 இலோ 319 இலோ, அதாவது கி.பி. 930 அளவில், நூறு வயதை எட்டி வபாத்தானார் என்று எழுதியிருக்கிறார்கள்.

அவர் ஒரு பூனை வளர்த்தார். அதன் மேல் அவருக்கு அளவில்லாத பாசம். அந்தப் பூனையோ அயல்வீட்டுப் புறாக்கூடுகளுக்குள் புகுந்து குஞ்சுகளைத் தின்று வந்தது. ஒரு தரம், இரண்டு தரமல்ல. பொறுத்துப் பார்த்த புறாக்காரர்கள் கடைசியில் அதைப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். (நம்ம ஊரில் புறா வளர்க்கிற பொடியன்களுக்கும் பூனை வளர்க்கிற வீட்டாருக்கும் நடக்கிற சண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.) அந்தப் பூனைக்காக இப்னுல் அல்லாஃப் 65 பைத்துகளில் ஒரு மர்ஸியா பாடினார்.

அதில் பூனையைத் தன் பிள்ளையின் இடத்தில் வைத்துப் பேசுகிறார். பாம்பும் எலியும் வராமல் வீட்டைக் காத்ததைச் சொல்கிறார். கண் தெரியாத ஒரு மனிதருக்குப் பாம்பை விரட்டுகிற பூனை என்றால் அது எவ்வளவு பெரிய துணை! வயல் ஓரத்தில் குடியிருக்கிற எங்களுக்கு, மாரி காலத்தில் புடையன் வளவுக்குள் வருவதைக் கண்ட எங்களுக்கு, இதை விளக்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது வேறொன்று: அவர் பூனையின் பிழையை மறைக்கவில்லை. உனக்கு எதற்கு அந்தப் புறாக்கூட்டில் ஏறுகிற வேலை என்று அதனிடமே கேட்கிறார். கொன்றவர்களின் கல்மனதையும் சொல்கிறார், பூனையின் பேராசையையும் சொல்கிறார். குறை தெரிந்தே அழுகிறார்.

இந்தக் கதையை நமக்குத் தந்தவர்களில் முக்கியமானவர் இப்னு கல்லிகான். பெரியார்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து 'வஃபயாத்துல் அஃயான்' எழுதியவர். 1282 இல் வபாத்தானவர். பூனைக் கதையை முதலில் சொல்லிவிட்டு, மற்றவர்கள் சொன்னதையும் அவர் வரிசையாக எழுதுகிறார். சிலர் சொன்னார்களாம்: இது பூனைக்குப் பாடியதல்ல, இளவரசர் இப்னுல் முஃதஸ்ஸுக்குப் பாடியது என்று. அவரும் பெரிய கவிஞர், இப்னுல் அல்லாஃபின் நண்பர். ஹிஜ்ரி 296 இல் (கி.பி. 908) ஒரே ஒரு நாள் கலீபாவாக இருந்து கொல்லப்பட்டவர். கலீபா முக்ததிருக்குப் பயந்து, நண்பருக்காக வெளிப்படையாக அழ முடியாமல், பூனையின் பெயரில் அழுதாராம். வேறு சிலர், 924 இல் தந்தையோடு கொல்லப்பட்ட முஹஸ்ஸினைச் சொன்னார்கள். அவர் வஸீர் இப்னுல் ஃபுராத்தின் மகன்.

இருக்கலாம். கூட்டில் ஏறியதால் உயிர் போனதையும் சிம்மாசனத்தில் ஏறியதால் உயிர் போனதையும் ஒன்றாக வாசிக்கலாம், நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். பூனைக்கு 65 பைத்து என்பதை நம்ப முடியாமல்தான் பலரும் அதற்குள் ஒரு மனிதரைத் தேடினார்களோ? அதோடு, பூனைக்காக ஒருவர் அழுவார் என்பது பக்தாத் வாசிகளுக்கு வழமையான காரியமாக இருந்திருந்தால்தானே அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும்?

வழமையாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஆட்டுக்குட்டிகளை மேய்த்த காலத்தில் பூனைக்குட்டியோடு விளையாடியதால் 'பூனைக்குட்டியின் தந்தை' என்று பெயர் பெற்ற ஸஹாபியின் வாயிலாகத்தானே நமக்கு ஆயிரக்கணக்கான ஹதீஸ்கள் கிடைத்தன! அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூ செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் கப்ஷா வியப்போடு பார்க்க, பூனை அசுத்தமல்ல, அவை நம்மைச் சுற்றி வருபவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி இரண்டிலும் இது உண்டு. நபியவர்கள் தூங்கும் பூனைக்காகச் சட்டைக் கையை வெட்டிய 'முஇஸ்ஸா' கதையை மாதம் ஒருவராவது பகிர்கிறீர்கள். அழகான கதைதான். ஆனால் ஹதீஸ் கிரந்தங்களில் அதற்கு ஆதாரமில்லை. ஆதாரமுள்ளதே இவ்வளவு இருக்க அது எதற்கு?

இப்னு கல்லிகானை 1261 இல் திமிஷ்கின் தலைமைக் காழியாக நியமித்த சுல்தான் பைபர்ஸுக்கும் பூனைகளோடு ஒரு தொடர்பு உண்டு. கெய்ரோவின் வடக்கே தன் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்த தோட்டமொன்றை அவர் பூனைகளின் உணவுக்காக வக்பு செய்தார் என்று எட்வர்ட் லேன் 1836 இல் வெளிவந்த தன் நூலில் எழுதுகிறார். லேன் அங்கே வாழ்ந்த காலத்தில் தோட்டம் பல கை மாறி விற்கப்பட்டிருந்தது. ஆனாலும் வக்புகளுக்குப் பொறுப்பான காழிக்கு அந்தக் கடமை நீங்கவில்லை. ஒவ்வொரு நாளும் அஸர் நேரத்தில் காழி மன்றத்து முற்றத்தில் கூடை கூடையாக உணவு வந்தது, பூனைகள் கூட்டமாகக் காத்திருந்தன. வீட்டில் பூனை வேண்டாம் என்று நினைத்த கெய்ரோவாசிகள் அதைக் கொண்டுபோய் அந்த முற்றத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். நாங்கள் குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன் சந்தையடியில் விட்டுவிட்டு வருகிறோம்.