பாக்ரதாஸ் ஆற்றுப் பாம்பு

முதலாம் பியூனிக் போரின்போது (கி.மு. 264–241) வட ஆப்பிரிக்காவில் ரோமானியப் படை கொன்றதாகச் சொல்லப்படும் பெரும்பாம்பு. அன்றைய பாக்ரதாஸ் இன்று துனிசியாவில் மெஜெர்தா என வழங்கும் ஆறு. அப்பகுதியில் மலைப்பாம்பு இனம் எதுவும் இப்போது கிடையாது. ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு சகாராவுக்குத் தெற்கே வாழ்வது.

கி.மு. 256இல் ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிய தளபதி மார்க்கஸ் அட்டிலியஸ் ரெகுலஸ் பின்னர் இவ்வாற்றங்கரையில் பாளையமடித்தார். தண்ணீர் மொள்ளப் போன வீரர்கள் சிலரைப் பாம்பு விழுங்கியது, சிலரை வாலால் நெரித்தது, ஈட்டி எதுவும் அதன் தோலில் இறங்கவில்லை, கடைசியில் கோட்டைச் சுவரை உடைக்கும் கல்லெறி பொறிகளைக் கொண்டுதான் அதைச் சாய்த்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் வலேரியஸ் மேக்சிமஸ் எழுதுகிறார். பிணநாற்றம் தாங்காமல் பாளையத்தையே பெயர்க்க வேண்டியதாயிற்றாம். அவர் ஆதாரம் காட்டும் வரலாற்றாசிரியர் லிவியின் 18ஆம் நூல் இன்று இல்லை. சுருக்கம் மட்டும் எஞ்சியுள்ளது. சிலியஸ் இத்தாலிக்கஸ் இதைத் தம் காவியத்தில் விரிவாகப் பாடினார். 5ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரோசியஸ், போர்க்கதையை நடுவில் நிறுத்திவிட்டு, பாம்பு விலா எலும்புகளைக் கால்போலவும் செதில்களை நகம்போலவும் பயன்படுத்தி ஊர்வதை விளக்குகிறார்; முதுகெலும்பில் ஒரு கல் விழுந்ததும் அது அசையாமல் போனதன் காரணம் அதுவே என்பது அவர் வாதம். கேள்விப்பட்டதை எழுதியவரிடம் இந்த அக்கறை அரிது.

தோல் 120 அடி (ஏறத்தாழ 35 மீட்டர்) என்றும் அது ரோமுக்கு அனுப்பப்பட்டது என்றும் பழைய வரலாற்றாசிரியர் டுபேரோவை மேற்கோள் காட்டி அவுலஸ் ஜெல்லியஸ் கூறுகிறார். தோலும் தாடைகளும் ஸ்பெயினில் ரோம் நடத்திய நுமந்தியப் போர்க்காலம் வரை, அதாவது நூறாண்டுக்கு மேல், ரோமில் ஒரு கோயிலில் இருந்தன என்பது பிளினியின் குறிப்பு. எந்தக் கோயில் என்று அவர் சொல்லவில்லை.

ரெகுலஸின் படையெடுப்பை விரிவாக எழுதிய போலிபியஸ், இவர்களுள் காலத்தால் மூத்தவர். அவர் நூலில் பாம்பே இல்லை. இதைக் கொண்டு செய்தியைப் பின்னாள் கற்பனை என்போர் உண்டு. அற்புதங்களில் அவருக்கு நாட்டமில்லை என்பது மறுதரப்பு. உரித்த தோல் இழுபடும் என்பது உண்மை. ஆனால் 120 அடியைப் பாதியாகக் குறைத்தாலும் இன்றுள்ள எந்தப் பாம்பும் அந்நீளத்தை எட்டாது. தாடைகள் திமிங்கலத்துடையவையாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுகிறது. சகாராவின் ஈரக்காலத்தில் வடக்கே வந்த மலைப்பாம்புகள் சில, பாலைவனம் விரிந்தபின் ஆற்றோரங்களில் தங்கியிருக்கலாம் என்ற ஊகத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. அவ்வாறே தங்கிவிட்ட முதலைகள் அல்ஜீரியாவின் தசிலி மலைக் குட்டைகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உயிரோடிருந்தன.

இடைக்காலத்தில் பைசாந்திய வரலாற்றாசிரியர் சோனராஸ் இதைச் சுருக்கமாகத் திரும்பச் சொன்னார். 2004இல் ரிச்சர்ட் ஸ்டோதர்ஸ், பெரும்பாம்புகள் பற்றிய பண்டைய செய்திகளை ‘ஐசிஸ்’ இதழில் ஆராய்ந்தார்.